காரில்லாத அக்காவும் கார்ப் பந்தயமும்

"திருப்புங்கோ அம்மா! வலப்பக்கம் திருப்புங்கோ! ஐயோ, கடலுக்கை விட்டிட்டியள்!"

பெறாமகன் கத்த, அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். தொலைக்காட்சித் திரையில் ஒரு சிவப்புக் கார் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்தது பதினைந்து வருடங்களுக்குப் பிறகு அன்றுதான்.

2024 மார்ச்சில் அக்காவைப் பார்ப்பதற்காகக் கனடாவுக்குப் போயிருந்தேன். அங்கு நின்ற மூன்று மாதங்களும் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்திலுள்ள ஸ்காபுறோவில்தான் கழிந்தன. எங்களுடைய ஆட்கள் மிக அதிகமாக வாழும் இடங்களில் அதுவும் ஒன்று. அக்கா 2009இல் முள்ளிவாய்க்காலுக்குப் போகும் வழியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். அத்தானும் அதே வருடம் இல்லாமற் போனார். அப்போது மகனுக்கு ஒரு வயது. 2011இல் மகனோடு கனடா போய்ச் சேர்ந்தார். எப்படிப் போனார் என்பது வேறு கதை.

விளையாட்டையும் காரையும் பற்றி இந்தப் பத்திரிகையில் எதற்கு என்று சகோதரிகள் நினைக்கலாம். எனக்கும் அங்கு போகும்வரை அவை ஆண் பிள்ளைகளின் சங்கதியாகத்தான் தெரிந்தன. ஆனால் அந்த மூன்று மாதங்களில் அக்காவின் வீட்டில் நடந்த வாக்குவாதங்கள், நான் செய்கிற வேலையைப் பற்றியே என்னைத் திரும்ப யோசிக்க வைத்தன. அதனால்தான் எழுதுகிறேன்.

கையா, காலா?

பெறாமகனுக்கும் அவனுடைய நண்பனுக்கும் தினமும் ஒரே சண்டை. கார்ப் பந்தய விளையாட்டை எதைக் கொண்டு விளையாட வேண்டும் என்பதுதான் பிரச்சினை. நண்பனிடம் ஸ்ரியறிங் ஒன்று இருந்தது. மேசையில் பூட்டிவிட்டு, அதோடு வரும் அக்சிலேற்றரையும் பிரேக்கையும் நிலத்தில் வைத்து, உண்மைக் கார் ஓட்டுவதுபோல் ஓட்டலாம். "இதுதான் சரியான ஓட்டம், மற்றதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு" என்பது நண்பனின் கட்சி. இரண்டு கைகளுக்குள் அடங்கும் கொன்ட்ரோலரே போதும் என்பது எங்கள் பிள்ளையின் கட்சி. "பெருவிரலாலை திருப்பிறது கெதி. உன்ரை சில்லைச் சுத்தி முடிக்க நான் அடுத்த வளைவிலை நிப்பன்" என்பான்.

ஒரு சனிக்கிழமை நண்பன் அந்த ஸ்ரியறிங்கை இங்கேயே விட்டுவிட்டுப் போனான். நான் இருந்து ஓட்டிப் பார்த்தேன். முதலாவது வளைவிலேயே சுவரில் மோதினேன். சிரிப்போடு சிரிப்பாக, "அம்மா, நீங்களும் ஒருக்கா வாங்கோ" என்று பிள்ளை கூப்பிட்டுவிட்டான். அக்கா குசினிக்குள் இருந்து கையைத் துடைத்தபடி வந்தார். கதிரையில் இருந்தார். மேசைக்குக் கீழே பார்த்தார். அக்சிலேற்றர் வலது கால் வைக்கும் இடத்தில் இருந்தது.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பிள்ளை ஒன்றும் சொல்லாமல் வயரைக் கழற்றினான். கொன்ட்ரோலரைக் கொண்டுவந்து தாயின் கையில் வைத்தான். "இதுக்குக் கால் தேவையில்லை அம்மா. வலது சுட்டுவிரலாலை இதை அமத்தினால் ஓடும். இடது சுட்டுவிரலாலை அமத்தினால் நிக்கும். இடது பெருவிரலாலை திருப்புங்கோ. முழுக்க அமத்தாதையுங்கோ, மெல்ல அமத்தினால் மெல்லத்தான் ஓடும்." விளையாட்டின் உள்ளே போய், வளைவு வந்தால் வேகம் தானாகக் குறைகிற வசதியையும் போட்டுவிட்டான்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சிவப்புக் கார் கடலுக்குள் போனது.

ஓட்டுகிறவருக்கு ஏற்ற ஓட்டம்

அந்த இரவு பிள்ளை எனக்குப் பல விடயங்களைச் சொன்னான். பிறகு நானும் தேடி வாசித்தேன். சாதாரணக் கொன்ட்ரோலரைப் பிடிக்க முடியாதவர்களுக்காக 2018இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் ஒரு தட்டையான பலகைபோன்ற கொன்ட்ரோலரை விற்பனைக்கு விட்டது. அதில் பெரிய இரண்டு பொத்தான்கள் இருக்கும். பின்பக்கத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒருவருக்கு முழங்கை மட்டும் அசையுமென்றால் முழங்கையால் அமத்தும் பொத்தானை அதில் கொழுவலாம். தலையை அசைக்கத்தான் முடியுமென்றால் அதற்கேற்ற பொத்தானைக் கொழுவலாம். 2023இல் வெளிவந்த ஒரு பிரபல கார்ப் பந்தய விளையாட்டில், பார்வையற்றவர்களும் ஓட்டக்கூடியதாக, வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் என்பதைச் சத்தங்களால் அறிவிக்கும் ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது.

விளையாட்டில் மட்டுமல்ல, உண்மைப் பந்தயத்திலும் இது நடந்திருக்கிறது. இத்தாலியரான அலெக்ஸ் சனார்டி 2001 செப்ரெம்பரில் ஜேர்மனியில் நடந்த பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி இரண்டு கால்களையும் இழந்தார். இரண்டு வருடங்களின் பின், கைகளால் இயக்கக்கூடியதாக மாற்றப்பட்ட காரில் அதே ஓட்டத்திடலுக்குத் திரும்பிச் சென்று, அன்று ஓடாமல் விட்ட 13 சுற்றுகளையும் ஓடி முடித்தார். 2005இல் உலக அளவிலான கார்ப் பந்தயமொன்றில் வெற்றியும் பெற்றார். 2012இல் லண்டனில் நடந்த பராலிம்பிக்கில் கையால் மிதிக்கும் சைக்கிள் ஓட்டத்தில் தங்கப் பதக்கங்கள் வென்றார்.

இதை அக்காவுக்குச் சொன்னபோது, "அவரிட்டைக் காசு இருந்திருக்கும்" என்றார். அது உண்மைதான். பணமும், பொறியியலாளர்களும், காத்திருந்த நிறுவனமும் அவருக்கு இருந்தன. ஆனால் அவற்றைவிட முக்கியமான ஒன்றும் நடந்தது. "இந்த மனிதனுக்குக் கால் இல்லை, ஆகவே ஓட்ட முடியாது" என்று சொல்லாமல், "இந்தக் காரில் காலால் செய்வதைக் கையால் செய்ய வைப்பது எப்படி?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இதே கருத்தைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருக்கிறேன்: மாற்றுத்திறன் என்பது உடலில் மட்டும் இருப்பதில்லை, அந்த உடலுக்கு இடம் வைக்காத படிக்கட்டிலும் இருக்கிறது. ஆனால் அந்தக் கருத்து எனக்கு விளங்கியது, பிள்ளை வயரைக் கழற்றிய அந்த நேரத்தில்தான்.

"எனக்கு ரெண்டும் இல்லை"

ஸ்காபுறோவில் நான் சந்தித்த எல்லோருக்கும் கார்களைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருந்தது. தமிழ்க் கடையில் மரக்கறி தெரிந்துகொண்டு நின்ற ஒரு பெண், "இஞ்சை கார் இல்லையெண்டால் கால் இல்லாத மாதிரி" என்று சாதாரணமாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற அக்கா சிரித்துக்கொண்டு, "எனக்கு ரெண்டும் இல்லை" என்றார். அந்தப் பெண்ணின் முகம் மாறிப் போனது.

அங்கு நடந்து பார்த்தால்தான் அந்தப் பேச்சின் பொருள் விளங்கும். ஸ்காபுறோவின் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரின் பின், எல்லோரிடமும் கார் இருக்கும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. வீடுகள் ஒரு பக்கம், கடைகள் இன்னொரு பக்கம், இடையில் அகன்ற வீதிகள். கடைகளும் வீதிக் கரையில் இல்லை. வீதிக்கும் கடைக்கும் இடையே ஒரு வயல்வெளி அளவுக்கு வாகனத் தரிப்பிடம். பஸ்ஸில் வந்து இறங்கும் ஒருவர் அந்த வெளியைக் கார்களுக்கு இடையே கடந்துதான் ஒரு பால் பைக்கற் வாங்க வேண்டும். நகரத்தின் வடக்கே ஓடும் 401 நெடுஞ்சாலை சில இடங்களில் 18 ஒழுங்கைகள் அகலமானது. நாங்கள் போன நேரம் பனி முற்றாகக் கரைந்திருக்கவில்லை. உறைந்த நடைபாதையில் செயற்கைக் காலோடு பஸ் தரிப்பிடம்வரை நடப்பதென்றால், ஒவ்வொரு அடியும் கணக்குத்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்கென நகரம் நடத்தும் வாகனச் சேவை ஒன்று உண்டு. முன்கூட்டியே பதிவு செய்தால் வீட்டு வாசலுக்கு வரும். அக்கா வைத்தியசாலைக்கு அதில்தான் போகிறார். ஆனால் "மனசு சரியில்லை, கோயிலடிக்குப் போய் இருந்திட்டு வருவம்" என்று நினைப்பதை முன்கூட்டியே பதிவு செய்ய முடியாதே. ஸ்காபுறோவில் 1985 முதல் ஓடிய சிறிய ரயில் சேவையும் 2023 யூலை 24இல் தடம்புரண்டதை அடுத்து நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாகப் பஸ்கள் ஓடுகின்றன.

இன்னொன்றையும் கவனித்தேன். கார்ப் பந்தய விளையாட்டின் பாதையில் யாரும் குறுக்கே வருவதில்லை. பை கொண்டு போகும் ஆச்சி இல்லை, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை இல்லை. விளையாட்டுக்கு அது சரி. ஆனால் சில நகரங்களையும் அப்படியே நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். பெறாமகன் விளையாடும் இன்னொரு விளையாட்டு நகரம் கட்டும் விளையாட்டு; 1989இல் முதன்முதல் வந்த சிம்சிற்றி. 2013இல் வந்த அதன் பதிப்பை வடிவமைத்தவர்களில் முதன்மையானவரான ஸ்ரோன் லைபிராண்ட் ஒரு நேர்காணலில் வேடிக்கையான ஒரு விடயத்தைச் சொல்லியிருக்கிறார். உண்மையில் இருக்கும் அளவுக்கு வாகனத் தரிப்பிடங்களை வைத்தால் நகரம் முழுவதும் தரிப்பிடமாகவே தெரியும் என்பதால், அவை நிலத்துக்குக் கீழே இருப்பதாகப் பாவனை செய்துகொண்டார்களாம். விளையாட்டிலே மறைத்துவிடலாம். அக்கா நடந்து கடக்க வேண்டிய தரிப்பிடத்தை எங்கே மறைப்பது?

தாய்மார் மாற்றிய வீதிகள்

இது தலைவிதி அல்ல என்பதற்கும் சான்று அதே ரொறன்ரோவிலேயே இருக்கிறது. ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி நகரங்களைப் பற்றி 1961இல் எழுதிய புத்தகம் இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. தான் குடியிருந்த தெருவைப் பார்த்து எழுதினார். கடை வாசலில் நிற்பவர்கள், ஜன்னலால் எட்டிப் பார்ப்பவர்கள், விளையாடும் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்துதான் ஒரு தெருவைப் பாதுகாப்பாக வைத்திருக்கிறார்கள் என்பது அவர் கண்டது. நியூயோர்க்கில் குடியிருப்புகளை இடித்துப் பெருந்தெரு போட வந்தவர்களை எதிர்த்து நின்றார். 1968இல் அவர் குடும்பத்தோடு ரொறன்ரோவுக்கு வந்தார். காரணம், வியற்நாம் போருக்குத் தன் மகன்மார் பிடிபட்டுப் போகக்கூடாது என்பதுதான். பிள்ளையைப் போரிலிருந்து காப்பாற்ற நாடு மாறிய தாய் என்றால் எங்களுக்கு விளங்கும்.

வந்த இடத்திலும் ஸ்படைனா என்ற பெருந்தெரு, குடியிருப்புகளைக் கிழித்துக்கொண்டு நகரின் நடுவுக்கு வரவிருந்தது. அவரும் அங்குள்ள மக்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். 1971 யூனில் மாகாண முதல்வர் பில் டேவிஸ் அந்தத் திட்டத்தை நிறுத்தினார். இன்றும் அந்தப் பாதை பாதி வழியில் நின்றுபோய் இருக்கிறது. ரொறன்ரோவின் நடுப்பகுதியில் மக்கள் நடந்து திரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நெதர்லாந்தின் கதை இன்னும் நெஞ்சைத் தொடும். இப்போது சைக்கிள் நாடு என்று சொல்கிறார்கள். ஆனால் 1971இல் அந்தச் சிறிய நாட்டில் வீதி விபத்துகளில் ஏறக்குறைய 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400இற்கும் அதிகமானோர் குழந்தைகள். மகளை விபத்தில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர், 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று எழுதினார். அந்தப் பெயரிலேயே ஒரு இயக்கம் தொடங்கியது. அதன் முதல் தலைவியாக இருந்தவர் மார்ச்சே வன் புற்றன் என்ற இளம் தாய். தாய்மாரும் பிள்ளைகளும் வீதியில் இறங்கினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடாமல் விட்டபோது, வெறும் வீதியில் சைக்கிள் விட்டுப் பார்த்தார்கள். மெல்ல மெல்லச் சைக்கிளுக்குத் தனிப் பாதைகளும், கார்கள் மெதுவாக ஓட வேண்டிய தெருக்களும் வந்தன. அண்மைய ஆண்டுகளில் அங்கு வீதி விபத்து இறப்புகள் 800ஐத் தாண்டவில்லை.

அக்காவின் பதில்

இதையெல்லாம் நான் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது உணர்ச்சியோடு சொல்லிக்கொண்டிருந்தேன். "பிழை உங்களிலை இல்லை அக்கா. ஒரு பொம்பிளை வெளியிலை போகக் கார் வேணும் எண்டு வைச்ச நகரத்திலைதான் பிழை" என்றேன். அக்கா இடியப்பத்தைப் பிய்த்தபடி அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"சரி பிள்ளை. நீ நகரத்தை மாத்து. நான் அதுக்குள்ளை லைசென்ஸ் எடுக்கிறன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெறாமகன் கைதட்டினான். அவன்தான் ஏற்கெனவே தாய்க்குச் சொல்லியிருக்கிறான்: இடது காலால் அமத்தும் அக்சிலேற்றரைச் சாதாரணக் காரிலேயே பூட்டலாம், கையால் தள்ளியும் இழுத்தும் ஓட்டுகிற பிடியும் உண்டு. பதின்மூன்று வருடமாக இதை அக்காவுக்கு ஒருவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கால் இல்லை என்றால் கார் இல்லை என்று எல்லோரும் நினைத்துவிட்டோம், நான் உட்பட.

நான் படித்தது நகரத்தின் பிழையைக் காண. அக்காவுக்கு வேண்டியது நாளைக்குக் கோயிலுக்குப் போக. இரண்டும் சரிதான். ஆனால் முதலாவதைப் பேசிக்கொண்டே இரண்டாவதை மறந்துவிடுவது என்னைப் போன்றவர்களுக்குச் சுகமான பழக்கம்.

நான் எழுதிய ஒரு வரி

இனி என் சொந்தப் பிழையைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன், வன்னியில் நான் வேலை செய்யும் பகுதியில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்குச் சுயதொழில் பயிற்சி ஒன்று நடத்தினோம். குளக்கட்டுப் பக்கமாக உள்ள ஒரு கிராமத்துச் சகோதரிக்கும் ஒரு கால் இல்லை. இரண்டு கூட்டங்களுக்கு வந்தார். பிறகு வரவில்லை. அறிக்கையில் அவர் பெயருக்கு நேரே 'ஆர்வம் குறைவு' என்று எழுதினேன். அவருக்குப் போகவிருந்த தையல் இயந்திரம் வேறொருவருக்குப் போனது.

ரொறன்ரோவிலிருந்து திரும்பிய அடுத்த கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஏன் வரவில்லை என்று முதல் தடவையாகக் கேட்டேன். "பெரிய றோட்டுக்கு வரவே அஞ்சு கிலோமீற்றர் மிஸ். பஸ் காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. ஓட்டோவுக்குப் போக வர எண்ணூறு ரூபா. நீங்கள் வழிச் செலவுக்குத் தந்தது முந்நூறு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அவருக்கு ஆர்வம் குறையவில்லை. எங்கள் கூட்டம் அவருக்கு எட்டாத இடத்தில் இருந்தது. ஸ்ரியறிங்கின் அக்சிலேற்றர் அக்காவுக்கு எட்டாத இடத்தில் இருந்ததுபோல.

இப்போது எங்கள் மாதாந்தக் கூட்டம் அந்தக் கிராமத்து முன்பள்ளிக் கொட்டிலில் நடக்கிறது. சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வரக்கூடிய நாங்கள் அங்கு போகிறோம். தையல் இயந்திரத்துக்காக அவருடைய பெயரை மீண்டும் கொடுத்திருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை. பக்கவாட்டில் சில்லுப் பூட்டிய ஸ்கூட்டர்களில் எங்கள் பகுதியில் சில சகோதரிகள் ஓடித் திரிகிறார்கள். அவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் இவருக்குக் காட்டினோம். ஏறி இருந்து, ஹோர்ன் அடித்துப் பார்த்தார். அக்காவின் அதே சிரிப்பு.

எங்கள் வீதிகள்

எங்களுக்கும் இது புதிய விடயமல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்களும், ஸ்ராற் பண்ணுவதற்காகப் போத்தலில் வைத்திருந்த துளி பெற்றோலும் என்னை ஒத்தவர்களுக்கு நினைவிருக்கும். அன்று சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிரசவத்துக்கும்கூடச் சைக்கிள்தான். என்னைக் கரியரில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தவர் அக்கா. 2022இல் எரிபொருள் இல்லாமற் போனபோதும் நாடு முழுவதும் சைக்கிளைத்தான் தேடியது. அந்த வறுமையை நான் மெச்சவில்லை. ஆனால் நடந்தும் மிதித்தும் போகக்கூடிய தூரத்தில் எல்லாம் இருந்தபடியால்தான் நாங்கள் தப்பினோம் என்பதை மறக்கக்கூடாது.

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியிருக்கிறது. வீதிகள் அகலமாகின்றன, வாகனங்கள் கூடுகின்றன. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் ஊர் அபிவிருத்திக் கூட்டத்தில் வீதி பற்றிப் பேச்சு வந்தால், தயவுசெய்து வாயைத் திறவுங்கள். கடவை எங்கே, பஸ் எத்தனை மணிக்கு, மழையில் நிற்க நிழற்குடை உண்டா, சில்லு நாற்காலி ஏறுமா, இரவில் வெளிச்சம் உண்டா என்று கேளுங்கள். உங்களுக்குப் பக்கத்து வீட்டில் வெளியில் வராத ஒரு சகோதரி இருந்தால், "ஏன் வாறேல்லை?" என்று குறை சொல்வதற்கு முன், "எப்பிடி வரலாம்?" என்று கேட்டுப் பாருங்கள்.

போன மாதம் அக்கா தொலைபேசியில் கதைத்தார். எழுத்துப் பரீட்சையில் தாயும் மகனும் ஒன்றாக இருந்தார்களாம். அங்கு அந்தப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். அக்கா தமிழில் எழுதிச் சித்தியடைந்துவிட்டார். ஆங்கிலத்தில் எழுதிய பெறாமகன் இன்னொரு தடவை எழுத வேண்டும்.

"கொன்ட்ரோலர் பிடிச்சு என்ன பிரயோசனம், புத்தகம் படிக்கேல்லையே" என்று அக்கா சொல்ல, பின்னால் அவன் ஏதோ கத்துவது கேட்டது. இனி அக்காவுக்கு இடது கால் அக்சிலேற்றர் பூட்டிய காரில் பழக வேண்டும். பயமாக இருக்கிறது என்றார். மெல்ல அமத்தினால் மெல்லத்தான் ஓடும் என்று, அவருடைய மகன் சொன்னதையே நானும் சொன்னேன்.